ஒரே மேசை, ஒரே பில்

அந்தப் பையை மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாலையில் வளைவுக்கு வளைவு மேலே இருப்பதெல்லாம் கீழே வருகிறது. மஞ்சள் தடவிய பத்திரிகைகள் பேருந்தின் தரையில் விழுவது நன்றாக இராது. மாப்பிள்ளை நீங்களேதானா? நல்லது. சன்னலோரம் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், தூத்துக்குடி வருவதற்கு இன்னும் வெகு நேரம் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

என் பெயர் ஆவுடையப்பன். கோவில்பட்டியில் கூட்டுறவுப் பண்டகசாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பேச்சு சற்றே மேடைப் பேச்சு போல இருக்கும், பொருட்படுத்தாதீர்கள். நெடுங்காலம் பட்டிமன்றங்களுக்கு நடுவராக இருந்து பழகிய நாக்கு. குடும்பத்தைத் தாங்குவது கணவனா மனைவியா என்ற தலைப்பில் மட்டும் எத்தனை ஊர்களில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே நினைவில்லை. இருவருமே என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். மக்கள் எழுந்து நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக எழுந்தவர்கள் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்த சமயம் மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். பேரன் இந்த வருடம் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். குழந்தை வளர்ப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாதல்லவா.

எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் நீங்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கடலைமிட்டாய் கம்பெனி நடத்துகிற தெய்வானையம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். வசதி படைத்தவர், சிக்கனமானவர், பேச்சிலும் சிக்கனம். அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கோயில் திருப்பணிக்கு இருக்கும், அன்னதானத்துக்கு இருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இல்லை. பிரிந்து போகிற கணவன் மனைவிக்கு உதவி. அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும். நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக அலையாமல், சமரச மையத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, பிள்ளையின் காரியத்தை முடித்துக்கொள்ள முன்வருகிறவர்களுக்கு உதவி. சமரச மையத்தில் கட்டணம் கிடையாது. பேசுவது இலவசம், பேசப் போவதுதான் செலவு. பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, அன்றைக்கு வேலைக்குப் போகாததால் இழக்கிற கூலி. கூலிக்குப் போகிறவர்கள் இந்தச் செலவுக்குப் பயந்தே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தச் செலவை அறக்கட்டளை ஏற்கும்.

என்னைச் செயலாளராக நியமித்த அன்று அம்மையார் சொன்னது இவ்வளவுதான்:

"ஆவுடையப்பன், எங்க அப்பாவும் அம்மாவும் என்னைய நடுவுல வச்சு கோர்ட்டுல இழுத்துக்கிட்டுக் கெடந்தாக. அஞ்சாம் வகுப்பை நான் ரெண்டு ஊர்லயும் பாதிப் பாதி படிச்சேன். ரெண்டு ஊர்லயும் பரீட்சை எழுதல. பிரியுறவுக பிரியட்டும். பிள்ளைக்கு ஒரு வழி பேசிட்டுப் பிரியட்டும். பேசப் போக வண்டிக்காசு இல்லன்னு ஒருத்தரும் நிக்கக் கூடாது. அதை மட்டும் பாரும்."

அதை மட்டும் பாரும் என்பதை நான் விரித்துப் பொருள் கொண்டேன். அறம் செய்கிறவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். விரித்துப் பொருள் கொள்வது செயலாளரின் கடமை. பிரிவதற்கு ஒருவர் பணம் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். ஆகவே சேர்த்து வைப்பதற்குத்தான் கொடுக்கிறார். இதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனவே சில விதிகளை வகுத்தேன். முதல் விதி, கணவனும் மனைவியும் ஒரே பேருந்தில் போக வேண்டும். இரண்டாவது, மூன்று பேர் உட்காரும் இருக்கையில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும்; ஓரத்தில் செயலாளர் உட்காருவார். நான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுந்து போக முடியாது. இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதே போல. மூன்றாவது விதி முக்கியமானது. மதியச் சாப்பாடு ஒரே மேசையில், ஒரே பில்லில் இருக்க வேண்டும். தனித்தனி பில் கொண்டுவந்தால் அறக்கட்டளை ஒரு காசும் தராது. ஒரே மேசையில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியும்? சாம்பார் வாளி ஒன்றுதானே.

முதல் விண்ணப்பம் இசக்கிராஜா, செண்பகவல்லி இருவருடையது. அவன் கயத்தாற்றில் லோடு வேன் ஓட்டுகிறான். அவள் கோவில்பட்டியில் அக்காள் வீட்டில் இருந்துகொண்டு ஒரு ரெடிமேட் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாள். மகிழினி என்று ஒரே பெண் குழந்தை. மூன்றாம் வகுப்பைக் கயத்தாற்றில் முடித்துவிட்டுத் தாயோடு கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். பிரிந்ததற்குக் காரணம் கேட்டேன். "ஒத்துவரல" என்றான் அவன். "ஒத்துவரல" என்றாள் அவள். காரணத்தில் இவ்வளவு ஒத்துப்போகிறவர்கள் வாழ்க்கையில் ஒத்துப்போகக் கூடாதா என்று கேட்டேன். 

சிக்கல் குழந்தையின் பள்ளிக்கூடம். கோவில்பட்டிப் பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். திறக்கிற நாள் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் மாற்றுச் சான்றிதழோடு வராவிட்டால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சான்றிதழைப் பழைய பள்ளியிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்திருந்தான் இசக்கிராஜா. பிள்ளையை எந்தெந்த நாளில் என்னிடம் விடுவாய் என்று சொன்னால்தான் சான்றிதழ் தருவேன் என்றான். சான்றிதழைத் தந்தால்தான் நாள் சொல்வேன் என்றாள் அவள். இடையில் அந்தக் குழந்தை புதுப் பையை மாட்டிக்கொண்டு அக்காள் வீட்டு வாசலில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேரில் கண்டேன்.

இப்படிப்பட்ட வேளையில் அறிவுரை சொல்லாமல் இருப்பது பாவம். முதல் பயணத்தில், பேருந்து கோவில்பட்டியைத் தாண்டியதுமே தொடங்கினேன். ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் பயன்படும், கேளுங்கள். ஒரு வீட்டுக்கு இரட்டைக் கதவு. இடக்கதவுக்கும் வலக்கதவுக்கும் சண்டை. நீ இல்லாமல் நான் இருப்பேன் என்று வலக்கதவு கழன்றுகொண்டு வேறு வீட்டுக்குப் போனது. அங்கே அதற்குப் பொருத்தமான நிலைச்சட்டம் இல்லை. இங்கே இடக்கதவு எவ்வளவுதான் இழுத்துச் சாத்தினாலும் வீடு பாதி திறந்தே கிடந்தது. நாய் வந்தது, பூனை வந்தது, பிறகு மழை வந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை நனைந்தது.

இதை விரிவாகச் சொன்னேன். எட்டயபுரம் வந்துவிட்டது. இசக்கிராஜா எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி சொன்னான்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு ஒத்தக் கதவுதான்."

செண்பகவல்லி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அக்கா வீட்டுக்கு ஷட்டர்."

அது உருவகம் என்று விளக்கினேன். குறுக்குச்சாலை வரை விளக்கினேன். மறுத்துப் பேசவில்லை. உள்ளத்தில் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

சமரச மையத்தில் ஜெயசீலி என்று ஒரு வழக்கறிஞர். அவர்தான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் பேச வைப்பவர். நல்ல பெண், அமைதியானவர். ஆனால் நடுவர் என்ற முறையில் எனக்கு அவரிடம் ஒரு வருத்தம் உண்டு. அவர் தீர்ப்பே சொல்வதில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார். அவன் ஏதாவது சொன்னால், "அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவளைக் கேட்பார். தீர்ப்புச் சொல்லாத நடுவரை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. அதை அவரிடமே சொன்னேன். "இது மேடை இல்ல சார், வெளியில பெஞ்சு இருக்கு, உட்காருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் குறை சொல்லவில்லை.

அன்று ஒன்றும் முடியவில்லை. மதியம் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஓர் உணவு விடுதிக்கு அழைத்துப் போனேன். "ஃபேமிலி ரூமா சார்?" என்று கேட்டான் சப்ளையர். ஆம் என்றேன்.

"அண்ணாச்சி, நான் வெளிய ரெண்டு பரோட்டா தின்னுக்கிடுதேன்" என்றான் இசக்கிராஜா.

"ஒரே மேசை, ஒரே பில்" என்றேன்.

"அப்ப நான் சாப்பிடல ஐயா. காலையில தின்னது அப்படியே இருக்கு" என்றாள் செண்பகவல்லி.

ஒருவர் மட்டும் சாப்பிட்டால் அது இருவர் பில் ஆகாது. இன்றைய கூலி இருவருக்குமே கிடைக்காது என்று விதியை எடுத்துச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். இலையைப் பார்த்தே சாப்பிட்டார்கள். மோர் வரும் வரை நான்தான் பேசினேன்.

இரண்டாவது பயணத்தில் தராசுக் கதை. ஒரு தராசுக்கு இரண்டு தட்டுகள். நான்தான் உயர்ந்தவன் என்று ஒரு தட்டு, நான்தான் கனமானவன் என்று மறு தட்டு. ஒருநாள் இரண்டும் சங்கிலியை அறுத்துக்கொண்டு பிரிந்தன. அன்று முதல் அந்தக் கடையில் நியாயமே இல்லாமல் போயிற்று. இங்கே கொஞ்சம் நிறுத்தினேன். மேடையில் இந்த இடத்தில் கைதட்டல் வரும்.

"இப்ப எல்லாக் கடையிலயும் எலக்ட்ரானிக் தராசு அண்ணாச்சி" என்றான் அவன். "ஒரே தட்டுதான்."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். கல்லுக்குள் ஈரம் கசிவதை என் கண்ணால் கண்டேன். அன்று சாப்பாட்டிலும் ஒரு மாற்றம். தன் இலையில் விழுந்த அப்பளத்தை அவள் எடுத்து அவன் இலையில் வைத்தாள். அவன் தன் பாயசக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.  நான் கதையை நடுவில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கைகளுக்கு மறதி இல்லை. நான் எழுந்து கை கழுவப் போனபோது இருவரும் மெல்ல ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் திரும்பி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். கூச்சம். புதுமணத் தம்பதிகள் போல ஒரு கூச்சம்.

ஆயினும் சமரச மையத்தில் அன்றும் சான்றிதழுக்கு வழி பிறக்கவில்லை. பள்ளி திறப்பதற்கு முன் இன்னும் ஒரே ஓர் அமர்வுதான் என்று சொல்லி அனுப்பினார் ஜெயசீலி. அதிலும் முடியாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விடும். வாய்தா தொடங்கினால் பள்ளிக்கூடம் காத்திராது.

மூன்றாவது பயணத்துக்கு நான் புதிதாக ஒரு கதை தயாரித்திருந்தேன். காதணியோடு சேர்த்துப் போடுகிற ஒரு சோடி மாட்டல் பற்றியது. சொல்லத் தொடங்கும் முன்பே இசக்கிராஜா சொன்னான்:

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீக. நீங்க கொஞ்சம் முன்னால போயி உக்காந்துக்கிடுங்க. நாங்க ரெண்டு பேரும் தனியாப் பேசணும்."

நான் அவளைப் பார்த்தேன். "ஆமா ஐயா. பேசணும்" என்றாள்.

என் வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். எதுவும் இதற்கு ஈடாகாது. முன்னால் போய் ஓட்டுநருக்கு அருகில் உட்கார்ந்தேன். "பெரியவரே, கியர் கம்பி மேல சாயாதீக" என்றார் ஓட்டுநர். ஓட்டுநருக்கு மேலே நீளமான கண்ணாடி ஒன்று உண்டல்லவா, அதில் அவர்கள் தெரிந்தார்கள். தலையோடு தலை சாய்த்து, விரல் விட்டு எண்ணி, அவன் ஒன்று சொல்ல, அவள் மறுக்க, மறுபடி அவன் சொல்ல, அவள் தலையசைக்க, தூத்துக்குடி வரை பேச்சு ஓயவில்லை. ஒருமுறை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவுக் கதையைத்தான் நினைத்திருப்பாள் என்று தோன்றியது.

இறங்கியதும் நான் வேகமாக நடந்து அவர்களுக்கு முன்பே ஜெயசீலியின் அறைக்குள் போய்விட்டேன். நல்ல செய்தியைச் சொல்கிறவன் தாமதிக்கக் கூடாது. "அம்மா, சேர்ந்துவிட்டார்கள். இனி ஒரே குடும்பம். கோப்பை மூடிவிடலாம்" என்றேன்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். இசக்கிராஜா சான்றிதழை உறையிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான். ஜெயசீலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் திரும்பச் சேர்ந்து வாழ முடிவு பண்ணிட்டதா உங்க செயலாளர் சொல்றாரு. அப்படியா?"

இசக்கிராஜா அவள் பக்கம் திரும்பினான்.

"நீயா அப்படிச் சொன்ன?" என்று அவளைக் கேட்டான் அவன்.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? இவுகதான் சொல்லி விட்டிருப்பாக" என்றாள் அவள், அவனைக் கைகாட்டி ஜெயசீலியிடம். "நாள் சொல்லு நாள் சொல்லுன்னு பஸ் பூரா நயமாப் பேசினது இதுக்குத்தானாக்கும். என்னைய மறுபடி கயத்தாத்துக்குக் கூட்டிப் போகத்தான்."

"யாரு உன்னையக் கூப்பிட்டா?"

"பின்ன அவருக்கு எப்படித் தெரியும்?"

இசக்கிராஜா சான்றிதழை மெல்ல மடித்து உறைக்குள் வைத்தான். உறையைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பட்டிமன்றத்தில் இப்படி அமளி ஏற்பட்டால் நடுவர் மணி அடிப்பார். அங்கே மணி இல்லை. ஜெயசீலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததால் அவர்களும் பார்த்தார்கள்.

"ஐயா" என்றாள் செண்பகவல்லி. "உங்ககிட்ட அப்படி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தேன்."

"எங்க பாத்தீக?"

"ஓட்டுநர் கண்ணாடியில்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மறுபடி உட்கார்ந்தாள். அவன் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

"அண்ணாச்சி, நாங்க என்ன பேசினோம்னு தெரியுமா? சனிக்கிழம மத்தியானம் நான் வந்து கூட்டிப் போறது, ஞாயித்துக்கிழம விளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்து விடுறது. அவளுக்குப் புழுதி ஆகாது, வேன்ல கண்ணாடிய ஏத்திவிட்டுத்தான் ஓட்டணும்னு இவ சொன்னா. பள்ளிக்கூட ஃபீஸ் நான், டிரஸ்ஸும் நோட்டும் இவ. காய்ச்சல்னா ராத்திரின்னு பாக்காம போன் பண்ணணும். இம்புட்டுத்தான் பேசினோம். சேந்து இருந்த காலத்துல இதுல ஒண்ணைக்கூடப் பேசினதில்ல."

"எங்களுக்குச் சேந்து வாழத் தெரியல ஐயா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "பிரிஞ்சாவது ஒழுங்கா இருந்துட்டுப் போறோம். அதுக்குத்தான வந்திருக்கோம்."

கதவுக் கதையின் நீதியை அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறுபடி தொடக்கத்திலிருந்து விளக்கலாம் என்று வாயெடுத்தேன். ஜெயசீலி எழுந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். படித்த பெண்கள் பெரியவர்களுக்குக் கதவு திறந்துவிடுவது இந்தக் காலத்தில் அரிது. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மதியத்துக்குள் எல்லாம் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. வெளியே வரும்போது உறை செண்பகவல்லியின் கையில் இருந்தது. அதை அவள் பைக்குள் வைக்கவில்லை; மார்போடு பிடித்துக்கொண்டே நடந்தாள். இத்தனை நாள் நகராதது ஒரே நாளில் எப்படி நகர்ந்தது என்று ஜெயசீலி கேட்டார்.

"இன்னும் இழுத்துட்டே போனா மறுபடியும் அண்ணாச்சிகூடப் பஸ்ஸுல வரணுமே மேடம்" என்றான் இசக்கிராஜா. "போன தடவ சாப்பிடும்போதே ரெண்டு பேரும் பேசிட்டோம், அடுத்த தடவ எப்படியும் முடிச்சிரணும்னு."

என் வயதைக் கருதி என்னை அலைய விடக் கூடாது என்று அவர்கள் இருவரும் கலந்து பேசியிருக்கிறார்கள். வேறு எதில் ஒத்துவராவிட்டாலும் பெரியவர்களைப் பேணுவதில் ஒத்துவந்திருக்கிறது. ஜெயசீலி அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் இருமினார்.

அன்று சாப்பிடப் போனோம். நான் வாய் திறக்கும் முன்பே இருவரும் ஒரே மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பில்லை இசக்கிராஜா வாங்கிக்கொண்டான். அறக்கட்டளைதான் கொடுக்கும் என்றேன். "இது நாங்க குடுக்குறோம். உங்களுக்கும் சேத்து" என்றான். பாதியை அவள் தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பயனாளிகள் செயலாளருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு விதி இல்லை. இன்னும் எழுதவில்லை.

கண்டக்டர் எட்டயபுரம் என்று சொன்னது உங்களுக்குக் கேட்டதா? இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், இன்னும் பாதி வழிக்கு மேல் இருக்கிறது.

அம்மையாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சேர்த்து வைக்க முடியவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மகிழினிக்கு ஒரு பெட்டி கடலைமிட்டாய் கொடுத்தனுப்பினார். பிறகு கேட்டார்: "நீரு எதுக்குக் கூடப் போனீரு?"

விதிகளைச் சொன்னேன். ஒரே பேருந்து, ஒரே இருக்கை, ஒரே மேசை, ஒரே பில். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் காசு குடுக்கச் சொன்னேன்" என்றார். "காவல் இருக்கச் சொல்லல."

மறு வாரம் முதல் பணம் நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக. எப்படி வேண்டுமானாலும் போகலாம், எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். கணக்கு எழுத ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். என்னைக் கௌரவ ஆலோசகர் ஆக்கியிருக்கிறார்கள். ஆலோசனை எதுவும் இதுவரை கேட்கவில்லை. இதுதான் என் மனக்குறை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அமர்வு இருக்கிற நாட்களில் என் சொந்தச் செலவில் தூத்துக்குடி போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். யாருக்காவது தேவைப்படலாம்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பேசுங்கள். காய்ச்சல் வந்தால் யார் போன் பண்ணுவது என்பதைச் சேர்ந்திருக்கும்போதே பேசுங்கள். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் இருவரும் பேசிக்கொண்டே போங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல் மூன்றாம் மனிதரின் பேச்சைக் கேட்டுக் கெட்ட குடும்பங்கள் அநேகம். இதை நான் மேடையிலும் பல முறை விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லி முடித்துவிடுகிறேன். பள்ளி திறந்த அன்று நானும் போயிருந்தேன். அழைப்பு இல்லை, இருந்தாலும் நாம் கை வைத்த காரியம் எப்படி நிறைவேறுகிறது என்று பார்க்க வேண்டுமல்லவா. எதிரே டீக்கடையில் நின்றேன். இசக்கிராஜா கயத்தாற்றிலிருந்து வேனில் வந்திருந்தான். செண்பகவல்லி குழந்தையோடு நடந்து வந்தாள். முதல் நாள் இருவரும் சேர்ந்து கொண்டுபோய் விட வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம்.

குழந்தை உள்ளே போக மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பழைய பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்றாள். அப்பா குனிந்து சொல்லிப் பார்த்தான். அம்மா உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தக் காத்துக்கொண்டிருந்தார். இருவர் முகமும் வாடிவிட்டது. உள்ளேயிருந்து தலைமையாசிரியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை பாடுபட்டு வாங்கிய இடம் வாசலிலேயே போய்விடும் போல இருந்தது.

இனியும் சும்மா இருப்பது சரியல்ல என்று டீயை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தேன். சோடி மாட்டல் கதை சொல்லப்படாமலே மனத்தில் இருந்தது. குழந்தைகளுக்கும் ஏற்ற கதை. நான் வருவதைச் செண்பகவல்லிதான் முதலில் பார்த்தாள். அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்தான். இருவரும் ஒரே சமயத்தில் குனிந்து குழந்தையின் இரண்டு காதிலும் என்னவோ சொன்னார்கள். குழந்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அழுகை நின்றது. கேட்டை விட்டாள். ஒரு கையை அப்பாவிடம் கொடுத்தாள், ஒரு கையை அம்மாவிடம் கொடுத்தாள். மூவரும் கைகோத்துக்கொண்டு உள்ளே விரைந்தார்கள். நான் கேட்டுக்கு வருவதற்குள் வகுப்பு வாசலுக்கே போய்விட்டார்கள். அங்கே குழந்தை தானாகக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனதையும், பிறகு அவர்கள் இருவரும் சுவரில் சாய்ந்து நின்று சிரித்ததையும் நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அவள் காதில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெற்ற தாயும் தகப்பனும் சொல்லிக் கேட்காத பிள்ளை, என்னைப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குள் போனாள். அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாட்ச்மேன் இருந்தார், டீக்கடைக்காரர் இருந்தார். அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்று அம்மையாரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.